மருந்தடிக்காத மரக்கறி விற்ற கதை

மருந்தடிக்காமல் மரக்கறி விளைவிக்கிறவருக்குக் காலையில் பூச்சியோடு சண்டை, பின்னேரத்தில் வாங்க வருகிறவரோடு சண்டை. இரண்டிலும் பூச்சி பரவாயில்லை, அது விலை குறைக்கச் சொல்லிக் கேட்காது.

கனகராயன்குளத்தில், ஏ9 வீதியோரம், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டில் எங்களுடையது. கொட்டிலுக்குப் பின்னால் தோட்டம், ஒரு கிணறு, இரண்டு மாடு. தோட்டத்தை இவர் பார்ப்பார், கொட்டிலை நான் பார்ப்பேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் வரவில்லை. செயற்கை உரம் போடுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று கொட்டிலில் ஒரு பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குக் கீழே இருந்து நான் கேட்ட கதைகளில் சிலதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டுப்பட்டவர் என்றால் தலையை ஆட்டிக்கொண்டு வாசியுங்கள். வாங்கிச் சாப்பிடுகிறவர் மட்டும்தான் என்றால், உங்களைப் பற்றியும் இரண்டு மூன்று இடத்தில் வருகிறது, கோபிக்கக் கூடாது.

வாட்டில் கிடைத்த புத்திமதி

நாங்கள் பிறக்கும்போதே இயற்கை விவசாயிகள் இல்லை. மற்றவர்களைப் போல மிளகாய், வெங்காயம் போட்டோம், மற்றவர்களைப் போல மருந்தும் அடித்தோம். ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில். இவர் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு மிளகாய்க்கு அடித்துக்கொண்டு நின்றார். காற்று திடீரென்று மாறி அடித்தது. மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது உடுத்துக் கிழிந்த ஒரு பழைய சாரத் துண்டுதான். கிணற்றடிக்கு வந்து குந்தினவர் எழும்பவில்லை. கண்ணாலும் வாயாலும் தண்ணீர் ஓடுகிறது, கை கால் நடுங்குகிறது. அயலில் ஒருவருடைய ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

"என்னம்மா நடந்தது?" என்று கேட்டார்கள். பதற்றத்தில் எனக்கு "மருந்து" என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் காணும், ஆள் நஞ்சு குடித்துவிட்டார் என்று நினைக்க. ஆசுபத்திரி வாட்டில் இருந்த அத்தனை பேரும் இவரைப் பாவமாகவும் என்னைப் பாம்பாகவும் பார்த்தார்கள். டொக்டர் விசாரித்து, இவர் போட்டிருந்த சேட்டை மணந்து பார்த்து, இது குடித்த மருந்து இல்லை, மூச்சாலும் தோலாலும் போனது என்று விளங்கிக்கொண்டார். அங்கே வேலை செய்த ஒரு அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. இவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரும்போது தலையைத் தடவிவிடுவா. எனக்கு ஒரு பார்வை மட்டும்தான்.

இவர் தப்பிவிட்டார். கட்டிலில் எழும்பி இருந்த முதல் நாளே, "இனி அந்தத் தாங்கி என்ர முதுகில ஏறாது" என்று சொன்னார். பயத்தில் எனக்கு அந்த நாட்களில் சோறே இறங்கவில்லை. வெங்காயம் என்ன, மிளகாய் என்ன, ஆள் வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. வீட்டுக்கு வெளிக்கிடும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு புத்திமதி சொன்னா. அதில் பின்பாதியை நாங்கள் இன்றுவரை அப்படியே கடைப்பிடிக்கிறோம்.

"தங்கச்சி, மனுசனோட கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ. உந்த மருந்துப் போத்திலையும் இனி வீட்டில வைச்சிருக்காதேங்கோ."

பாகற்காய்க்கு வந்த பரீட்சை

மருந்தை நிறுத்தின உடனே தோட்டம் சிரித்துக்கொண்டு எழும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் சில போகம் மண் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவேயில்லை. மாட்டெரு, கூட்டெரு, கிளிசரியா இலை என்று சொன்னதெல்லாம் போட்டோம். அது மெல்ல மெல்லத்தான் மனம் மாறியது. அந்தக் காலத்தில் எங்களிடம் விற்கிற தரத்தில் வந்த ஒரே சாமான் பாகற்காய். அதையும் ஒரு ஈ வந்து பிஞ்சிலேயே குத்திப் பழுதாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு பிஞ்சுக்கும் பேப்பர் உறை போட்டுக் கட்டவேணும். பேப்பருக்கு எங்கே போவது? மாங்குளத்தில் ரியூசன் வகுப்பு நடத்தின ஒருவர் வீடு மாறும்போது பழைய விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாக எறிய வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கிவந்து, கோதுமை மாவில் பசை காய்ச்சி, நான் உறை ஒட்டினேன். கொஞ்ச நாளில் எங்கள் பந்தலில் பாகற்காய்க்குப் பதிலாகக் கணக்கு விடைத்தாள்கள் காய்த்துத் தொங்கின.

காயை உறையோடேயே கொட்டிலில் அடுக்கிவைப்பேன். மருந்தடிக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எங்களிடம் இல்லை. ஒரு நாள் பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருவர் வந்தார். ஒரு காயை எடுத்து உறையைக் கழற்றினார். காயைத் தட்டில் வைத்துவிட்டு உறையை விரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. இன்னொன்றைக் கழற்றினார், முகம் இன்னும் சுருங்கியது. அன்று விடிந்ததில் இருந்து ஒரு வியாபாரமும் இல்லை. "என்ன மாஸ்டர், காய் சரியில்லையோ?" என்று கேட்டேன். அவர் சேட்டுப் பையில் இருந்து சிவப்புப் பேனையை எடுத்து, நாற்பத்தெட்டுப் புள்ளி போட்டிருந்த அந்தத் தாளில் ஒரு இடத்தைச் சுழித்து என்னிடம் நீட்டினார்.

"காய்க்கு நூறு போடலாம் பிள்ளை. இந்தக் கணக்குக்கு நாப்பத்தெட்டே கூட. ஆர் உந்தத் தாளைத் திருத்தினது?"

ஒட்டுசுட்டான் குழி

புஷ்பம் அக்கா முல்லைத்தீவுக் கரையோரத்துக்காரி. புருசன் கடலுக்கும் களப்புக்கும் மீன்பிடிக்கப் போகிறவர். அக்கா கருவாட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, வீதியோர வீடுகளில் விற்பா. வெயிலுக்கு எங்கள் கொட்டிலில் ஒதுங்கினவா, பிறகு வெயில் இல்லாத நாளிலும் ஒதுங்கத் தொடங்கினா. மீன் குடலையும் சர்க்கரையையும் கலந்து ஊறவைத்தால் பயிருக்கு நல்ல கரைசல் வரும் என்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சொன்னதும், எனக்கு நினைவு வந்தது அவாவைத்தான். "அதுக்கென்னடி, நாயும் காகமும் தின்னுறதுதானே, வந்து அள்ளிக்கொண்டு போ" என்று சொன்னா.

போனேன். அவா வீட்டு முற்றத்தில் வைத்து, குடலையும் சர்க்கரையையும் வாளியில் போட்டுப் பிசைந்து, மூடியை இறுக்கி, மேலே பொலித்தீன் சுற்றிக் கயிறும் கட்டினோம். கோயில் பூசைக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. வாளியைப் பஸ்ஸில் சீற்றுக்குக் கீழே வைத்தேன். வெளிக்கிடும்போது ஒரு மணமும் இல்லை. ஆனால் சர்க்கரை பட்ட குடல் சும்மா கிடக்குமா? அந்த வெக்கைக்கு உள்ளே பொங்கத் தொடங்கியிருக்கிறது. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்ப, சீற்றுக்குக் கீழே "டப்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நடந்ததை, மீன் கரைசல் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செய்யாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

முன் சீற்றுக்காரர் தன் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். பின் சீற்றில் இருந்தவர் பக்கத்தில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்தார். குழந்தையின் தாய் அவரைப் பார்த்தா. யன்னல்கள் எல்லாம் படபடவென்று திறந்தன. நானும் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றவர்களைப் போலவே அங்குமிங்கும் பார்த்தேன். ஆனால் வாளியில் இருந்து ஒரு சின்ன ஓடை புறப்பட்டு, நேரே கொண்டக்டரின் காலடியில் போய் நின்று என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நடுக்காட்டில் இறக்கிவிடப் போகிறார் என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின் வாசல் படியில் வைத்து, விழாமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே மாங்குளம்வரை வந்தான். நான் இறங்கும்போது மட்டும் ஒன்று கேட்டான்.

"அக்கா, உங்களுக்கு டிக்கெட் எடுத்தனீங்கள், சரி. உந்த மணத்துக்கு ஆர் எடுக்கிறது?"

சனிக்கிழமை வாடிக்கை

பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிற ஒருவர் சனிக்கிழமைதோறும் எங்களிடம் வருவார். மோட்டார் சைக்கிளை வீதியில் நிற்பாட்ட மாட்டார். கொட்டிலுக்குப் பின்னால், வாழைக்கு மறைவாக விடுவார். ஹெல்மெட்டும் கழற்றமாட்டார். கீரை, பயிற்றங்காய், இளம் வெண்டிக்காய், எது வந்தாலும் முதல் பிடி அவருக்குத்தான். நல்ல மனிதர், பேரம் பேசுவதே இல்லை. ஒரு நாள் இவருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, உங்கட மருந்து அடிச்ச கீரை சந்தையில இதைவிட மலிவாக் கிடக்கு. ஏன் இவ்வளவு தூரம் மினக்கெடுறியள்?" என்று கேட்டேவிட்டார். இருக்கிற வாடிக்கையையும் கலைக்கிறாரே என்று நான் இவரை முறைத்தேன். அவர் கீரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே சிரித்தார்.

"தம்பி, கடையில நிக்கேக்க நான் வியாபாரி. வீட்டில எனக்கு இரண்டு பேரப்பிள்ளையள் இருக்கு."

எல்லோரும் இயற்கை விவசாயியான வருசம்

பிறகு வந்தது, நாடு முழுக்க ஒரே அடியாக இயற்கை விவசாயத்துக்கு மாறவேணும் என்ற வருசம். செயற்கை உரம் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும், மறக்கிற வருசமா அது? எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொன்னவர்கள் எல்லாம் கொட்டிலுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: யூரியாவுக்குப் பதிலாக என்ன போடுவது? நாங்கள் செய்ததைச் சொன்னோம். "அப்ப எப்ப பயிர் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். "மண் திரும்ப ஒரு மூண்டு வருசமாவது செல்லும்" என்றார் இவர். இழுத்துப் போட்ட கதிரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பினார்கள். விதைப்புக்கு அவர்களிடம் இருந்தது சில கிழமைதான்.

எங்கள் எல்லைக்கு அடுத்த வயல் குலம் அண்ணையுடையது. அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, காடு வெட்டி வயலாக்கின குடும்பம். நெல்லைப் பற்றி அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருசம் அவரே வந்து கேட்டார். இவர் எங்கள் எருக்குவியலில் பாதியை அள்ளிக் கொடுத்தார். நாள்தோறும் போய்க் கூடமாட நின்றார். தோட்டத்துக்கு எரு என்றால் கூடைக்கணக்கு, வயலுக்கு என்றால் லோட் கணக்கு. எங்களுடையது அந்த வயலுக்கு மூக்குப்பொடி மாதிரி. நெல் மஞ்சளாகவே எழும்பி மஞ்சளாகவே நின்றது. வெட்டின அன்று நான் தேத்தண்ணி கொண்டு போனேன். வழக்கமாகப் பொழுதுபட்டும் ஓடுகிற அறுவடை மெசின் மத்தியானத்துக்கு முன்னமே வரம்பில் ஏறி நின்றது. குலம் அண்ணை மூட்டையைப் பார்க்கவில்லை. வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணியை வாங்கினார், குடிக்கவில்லை.

ஊரில் கதை மாறியது. "உவையளுக்கு இப்ப நல்ல சந்தோசமாக்கும்" என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ எங்களைச் சொன்னது இவர் காதிலேயே விழுந்தது. இவர் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். நான் கொட்டிலில் இருந்த பலகையைக் கழற்றி உள்ளே, சாக்குக்குப் பின்னால் வைத்தேன். நாங்கள் ஆசையாக எழுதினதுதான். ஆனால் பட்டினி வருமோ என்று பயந்துகொண்டிருக்கிற சனத்துக்கு முன்னால் அது பெருமையடிப்பதுபோலப்பட்டது. ஒரு காலை குலம் அண்ணை வந்தார். மேலே வெறும் கம்பியைப் பார்த்தார். "எங்க பலகை?" என்று கேட்டார். "பாக்கிறவைக்குக் கோவம் வருது அண்ணை" என்றேன். அவர் உள்ளே போய்ச் சாக்கை விலத்திப் பலகையை எடுத்து, தன் சாரத்தால் தூசி துடைத்து, பழைய இடத்திலேயே கொழுவிவிட்டார்.

"நீங்கள் நீந்தப் பழகிப்போட்டு இறங்கினீங்கள், எங்களைப் பிடிச்சுத் தள்ளினவை. தள்ளினது நீங்கள் இல்லைத்தானே தங்கச்சி, பலகை கிடக்கட்டும்."

பெரிய முத்திரை

உரம் திரும்பி வந்தது, குலம் அண்ணையின் வயலும் பழையபடி பச்சையானது. இப்போது உரமும் போடுகிறார், எருவும் போடுகிறார்; நடுவில் நிற்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பார். ஒரு போகம் எல்லைக்கு அந்தப்பக்கம் அவர் உரம் போட்டுச் சோளம் போட்டார், இந்தப்பக்கம் நாங்கள் எரு போட்டுச் சோளம் போட்டோம். அந்தக் கிழமைதான் கொழும்பில் இருந்து ஒரு அம்மா காரில் வந்து, "இயற்கை எண்டதுக்குச் சேட்டிபிக்கேட் இருக்கோ?" என்று கேட்டு, இல்லை என்றதும் ஒன்றும் வாங்காமல் போயிருந்தா. எனக்கு மனம் சரியில்லை. அது ஆறுவதற்குள் யானை வந்துபோய்விட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் அண்ணையின் சோளம் நின்றபடி நிற்கிறது. அதற்குள்ளால் நடந்து வந்து எங்களுடையதைத்தான் வேரோடு பிடுங்கித் தின்றிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குலம் அண்ணை வேலிக்கு மேலால் வந்து, ஈர மண்ணில் பதிந்திருந்த காலடியைக் குனிந்து பார்த்தார்.

"சேட்டிபிக்கேட் கேட்டவவுக்கு உந்தக் காலடியைக் காட்டுங்கோ தங்கச்சி. முத்திரை வடிவாக் குத்திக் கிடக்கு."

கனடாத் தம்பியும் கருவாடும்

ஆடி மாதம் வந்தால் வெளிநாட்டில் இருந்து ஊர் பார்க்க வருகிறவர்கள் வீதியால் நிறையப் போவார்கள். எங்களுக்கு அது நல்ல காலம். அப்படி ஒரு வருசம் கனடாவில் இருந்து ஒரு தம்பி வான் பிடித்து வந்தார். பப்பாசியைத் தொட்டு "ஓர்கானிக்கா?" என்றார். ஓம் என்றேன். முருங்கையிலை ஓர்கானிக்கா? ஓம். தேங்காய்? ஓம். கொட்டிலின் மூலையில் புஷ்பம் அக்கா கருவாட்டுச் சாக்கை அவிழ்த்து வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தா. தம்பி அதே ஓட்டத்தில் அங்கேயும் திரும்பி, "அம்மா, இது ஓர்கானிக்கா?" என்று கேட்டார்.

"என்னடி கேக்கிறார்?" என்று அக்கா என்னைப் பார்த்தா. "உரம் பசளை, மருந்து ஒண்டும் போடாததோ எண்டு கேக்கிறார் அக்கா" என்றேன். தம்பி பிறகு விழுந்து விழுந்து சிரித்து, தன் கேள்வியைத் தானே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்து, இரண்டு கட்டுக் கருவாடும் வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அக்கா பகிடிக்குச் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, வெளிநாட்டுப் பிள்ளை மனம் வைத்துக் கேட்கிறதே என்று, வடிவாக யோசித்துத்தான் பதில் சொன்னா.

"தம்பி, கடலுக்கு நாங்கள் இன்னும் பசளை போடத் துவங்கேல்லை."

பூசணிக்காய்க் கலியாணம்

எங்கள் ஊர் மகேசு அக்காவின் மகளுக்கு மாரி முடிகிற கையோடு கலியாணம். அக்காவுக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு இரண்டு தரம் ஆசுபத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேணும். ஏன் வந்தது என்று ஒரு டொக்டராலும் அறுத்துறுத்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீரும் மருந்தடித்த சாப்பாடும்தான் என்று அவாவாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தா. ஒரு நாள் கொட்டிலுக்கு நடந்தே வந்து, கதிரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கலியாணச் சமையலுக்கு முழு மரக்கறியும் எங்களிடம்தான் என்று சொன்னா. கத்தரிக்காய், பயிற்றங்காய், வாழைக்காய், பூசணிக்காய், கீரை எல்லாம். "என்னால இனி வடிவாச் சாப்பிட ஏலாது. வாற சனமாவது ஒரு நேரம் நஞ்சில்லாமச் சாப்பிடட்டும்" என்றா. இப்படி ஒரு ஓடர் எங்களுக்கு வந்ததே இல்லை. இவர் கத்தரிக்குக் குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துக்கொண்டு திரிந்தார்.

கலியாணக் கிழமை மழை பிடித்தது. விடாத மழை. கத்தரி நின்ற பாத்தி குளமாகி, காய் செடியிலேயே அழுகியது. பயிற்றங்கொடி பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றது. மேட்டுப் பக்கத்துப் பூசணி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தடித்துக் கிடந்தது. எங்கள் சங்கடத்தைப் பார்த்து, வழியில் போகிற மரக்கறி லொறிக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். "எல்லாச் சாமானும் தாறன் அக்கா. உங்கட பெட்டியில போட்டுக் குடுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கலியாண வீடு குழம்பக் கூடாதே என்றுதான் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நான் மகேசு அக்கா வீட்டுக்கு நடந்தேன். அந்த வழி அன்றைக்குப்போல நீளமாக என்றைக்கும் இருந்ததில்லை.

வீடு முழுக்கச் சனம், பலகாரச் சூடு பறக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு அக்காவின் புருசனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. "இப்ப வந்து சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளே படுத்திருந்த மகேசு அக்கா எழும்பி வந்தா. "என்ன இருக்கு?" என்று கேட்டா. "பூசணிக்காய் நிறைய இருக்கு அக்கா. வாழைக்காய் கொஞ்சம். முருங்கையிலை." அக்கா ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. "அப்ப பூசணிக்காய்" என்றா.

சமையல்காரர் தலையில் கை வைத்தார். பிறகு ஏதோ வீம்பு வந்ததுபோல வேட்டியை மடித்துக் கட்டினார். பூசணிக்காயில் பால்கறி, பூசணிக்காயில் குழம்பு, பூசணிக்காயில் பச்சடி, தோலில் ஒரு சம்பல், வடைக்குள்ளும் துருவிப் போட்டார். கடைசியில் ஒரு பெரிய காய் மிஞ்சிக் கிடக்க, அதையும் அவித்து மசித்துப் பாயாசத்துக்குள் விட்டுவிட்டார். நான் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் கேட்டுக் கேட்டு வாங்கியது. சோறு இரண்டாம் தரம் வடிக்கவேண்டி வந்தது. மகேசு அக்கா தன் பழைய கூறைச்சீலையைக் கட்டிக்கொண்டு, பந்திக்கு நடுவால் மெல்ல நடந்து, ஒவ்வொரு இலையாகப் பார்த்து, "மருந்தில்லாத சாப்பாடு, ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு போனா. அந்த முகத்துக்காகவே இன்னும் எத்தனை மாரியையும் தாங்கலாம் போல இருந்தது. கடைசியாக மாப்பிள்ளையின் தகப்பன் கை கழுவிவிட்டு வந்து, பாயாசத்தை ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடித் திறந்து, பெண்ணின் தகப்பனிடம் திரும்பினார்.

"எல்லாத்திலயும் பூசணிக்காய், நல்லாத்தான் இருந்தது சம்பந்தி. பாயாசத்தில மட்டும் போடாம விட்டிட்டியள், அதுவும் ஒரு ஆறுதல்."

குசினிக்கு வருகிற பங்கு

"உங்களுக்கென்ன, நல்ல சாப்பாடு சாப்பிடுவியள்" என்று கொட்டிலுக்கு வருகிறவர்கள் சொல்லாத நாள் இல்லை. தோட்டக்காரர் வீட்டுக் குசினியில் அடுப்பை எட்டிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். நேரான காய், மினுங்குகிற காய், ஓட்டையில்லாத காய் எல்லாம் கொட்டிலுக்குப் போய்விடும். வளைந்தது, வெடித்தது, முற்றினது, புழு பாதி தின்று மிச்சம் விட்டது எல்லாம் குசினிக்கு வரும். பத்துக் கத்தரிக்காயை வெட்டினால் ஐந்து கத்தரிக்காய்தான் சட்டிக்குள் போகும். முற்றின பயிற்றங்காயை உடைத்து விதையை மட்டும் எடுப்பேன். கீரையில் இலை கொஞ்சம், ஓட்டை கூட.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது, வீதியில் ஒரு ஈ காக்கை இல்லை. கொட்டிலைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் குசினிக்குள்ளேயே குந்துகிற பலகையைப் போட்டு இருந்து சாப்பிட்டோம். சிவப்பரிசிச் சோறு, முற்றின பயிற்றம்விதையில் ஒரு பால்கறி, கத்தரிக்காய்த் துண்டில் ஒரு குழம்பு, ஓட்டைக் கீரையில் ஒரு கடையல். இவர் ருசித்துச் சாப்பிட்டார். சட்டியைச் சரித்துக் குழம்பை வழித்துப் போட்டார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கெண்டாலும் நாங்களும் முதல்தரக் காயில சமைச்சுச் சாப்பிடவேணும்" என்று சொன்னேன். இவர் விரலில் ஒட்டியிருந்த கீரையை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோற்றுக்குச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார்.

"வடிவானது றோட்டுக்குப் போகட்டுமப்பா, ருசியானது குசினிக்கு வந்தாக் காணும்."

ஆக, என்னைக் கேட்டால் இயற்கை விவசாயம் என்பது வேறொன்றுமில்லை. ஊர்ந்தது, பறந்தது, நடந்தது எல்லாவற்றுக்கும் பந்தி வைத்துவிட்டு, கடைசிப் பந்தியில் நல்ல பசியோடு குந்திச் சாப்பிடுவதுதான்.